லேப்டாப்பைத் திறந்தால் வாரண்டி போய்விடுமா?

வாங்கி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. பிரவுசரில் இருபது டேப், ஒரு வீடியோ கால், நடுவில் பெரிய எக்செல் கோப்பு ஒன்று என்று திறந்ததும் லேப்டாப்புக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். ரேமைக் கூட்டலாமா, பிராசசரை மாற்றலாமா என்ற யோசனை அப்போதுதான் வரும். கூடவே அந்தப் பயமும் வரும்: பின்மூடியைக் கழற்றினால் வாரண்டி போய்விடுமே! பயந்தவர்கள் வாரண்டி முடியும்வரை மெதுவான லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். பயப்படாதவர்கள் யாரோ சொன்னதை நம்பித் திறந்து, எதையோ உடைத்து, நிஜமாகவே வாரண்டியை இழப்பார்கள். இரண்டு தரப்பும் படிக்காமல் விட்டது ஒரே காகிதத்தைத்தான்.

அந்தக் காகிதத்தில் இருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: தயாரிப்பிலோ மூலப்பொருளிலோ குறை இருந்து, குறிப்பிட்ட காலத்துக்குள் அது வெளிப்பட்டால், கம்பெனி சரிசெய்து தரும் அல்லது மாற்றித் தரும். நீங்கள் கீழே போட்டது, காபி கொட்டியது, ஸ்க்ரூடிரைவர் வழுக்கி, எல்லாப் பாகங்களும் உட்காரும் மதர்போர்டைக் கீறியது எதுவும் இதில் சேராது. அதற்கெல்லாம் தனியாகப் பணம் கட்டி வாங்கும் விபத்துப் பாதுகாப்புத் திட்டம் வேறு. நீங்களே வாங்கிப் போட்ட பாகமும், அதைப் போடும்போது நேர்ந்த சேதமும் சேராது. ரேம் மாற்றிய லேப்டாப்பில் ஆறு மாதம் கழித்துத் திரை பழுதானால் அது கம்பெனியின் பொறுப்பு. ரேம் மாற்றும்போது, அதைச் செருகும் இடமான ஸ்லாட்டின் கொக்கியை உடைத்திருந்தால் அது உங்கள் பொறுப்பு.

ஆகவே 'திறந்தால் போய்விடுமா' என்று கேட்பதைவிட, 'எந்தப் பாகத்தை நான் தொடலாம் என்று கம்பெனியே சொல்லியிருக்கிறது' என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி. பெரிய கம்பெனிகள் பலவும் பதிலை எழுதியே வைத்திருக்கின்றன. லெனோவோவின் பராமரிப்புக் கையேடுகளில் 'சிஆர்யூ' என்றொரு சொல் வரும். வாடிக்கையாளரே மாற்றிக்கொள்ளக்கூடிய பாகம் என்று அர்த்தம். ஹெச்பி அதையே 'கஸ்டமர் செல்ஃப் ரிப்பேர்' என்கிறது. கையேட்டில் பாகங்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேராக, நீங்களே மாற்றலாமா, சர்வீஸ் ஆள்தான் தொட வேண்டுமா என்று குறித்திருப்பார்கள். ஸ்லாட் உள்ள மாடல்களில் ரேம் பெரும்பாலும் நீங்கள் மாற்றக்கூடிய வரிசையில் இருக்கும். மதர்போர்டு சர்வீஸ் ஆளின் வரிசையில். பிராசசருக்கு என்று தனி வரியே பல பட்டியல்களில் இருக்காது. ஏன் என்பது கீழே வருகிறது.

சரி, 'இதை அகற்றினால் வாரண்டி செல்லாது' என்று ஸ்க்ரூவின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்? அதற்குச் சட்டப்படி எவ்வளவு மதிப்பு என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டப்படி, எங்கள் பாகத்தைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டால்தான் வாரண்டி, எங்கள் ஆளிடம் காசு கொடுத்துப் பார்த்தால்தான் வாரண்டி என்று நிபந்தனை போட முடியாது. 2018 ஏப்ரலில் அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் இந்தக் காரணத்துக்காகவே ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கம்பெனியின் வாரண்டி எப்படி இருந்தாலும், பொருளில் இருந்த குறைக்கு விற்றவர் குறைந்தது 2 ஆண்டுகள் பதில் சொல்லியாக வேண்டும். இதெல்லாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் என்னைக் கேட்டால், கிழிந்த ஸ்டிக்கரோடு சர்வீஸ் கவுண்டரில் நின்று சட்டம் பேசுவது நம் பொழுதைத்தான் கெடுக்கும். ஸ்டிக்கர் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, முதலில் கேட்டுவிடுங்கள்.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள். சீரியல் நம்பரைக் குறிப்பிட்டு, 'இந்த மாடலில் ரேமை நானே மாற்றினால் மற்ற பாகங்களுக்கு வாரண்டி தொடருமா?' என்று ஒரு மின்னஞ்சல் போதும். போனில் ஒருவர் 'தாராளமா பண்ணுங்க சார்' என்று சொன்னதை ஒரு வருடம் கழித்து யாரிடமும் காட்ட முடியாது. பதில் வந்ததும் பில்லோடு சேர்த்துச் சேமித்து வையுங்கள். அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் இந்தக் கட்டுரையே உங்களுக்கு இல்லை. அதைத் திறக்கும் உரிமை ஐடி பிரிவுக்குத்தான்.

பிராசசரை மாற்றுவது

டெஸ்க்டாப்பில் பிராசசர் மாற்றியவர்களுக்கு, லேப்டாப்பிலும் அப்படித்தானே என்று தோன்றும். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2013-இல் வந்த இன்டெலின் நான்காம் தலைமுறை வரைக்கும், லேப்டாப் பிராசசர்களில் ஒரு பகுதி சாக்கெட்டில் பொருந்தும் வகையில் விற்றது. பெயரைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்: ஐ7-4700எம்க்யூ என்றால் சாக்கெட்டில் உட்காருவது, ஐ7-4700எச்க்யூ என்றால் மதர்போர்டிலேயே பற்றவைத்தது. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அடுத்த தலைமுறையிலேயே லேப்டாப்புக்கான சாக்கெட்டை இன்டெல் கைவிட்டது. ஏஎம்டியும் அதே வழியில் போனது. டெஸ்க்டாப் பிராசசரையே தூக்கிப் போட்ட தடிமனான சில கேமிங் லேப்டாப்புகளைத் தவிர, இன்று கடையில் கிடைக்கும் எதிலும் பிராசசர் கழற்றும்படி இருக்காது.

பற்றவைப்பது என்றால் கம்பியை வைத்துப் பொட்டு வைப்பது போல நினைத்துவிடாதீர்கள். பிராசசரின் அடிப்பக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிக் குட்டி ஈயக் குண்டுகள் வரிசையாக இருக்கும். ஈயம் என்பது பேச்சு வழக்குதான். இப்போது பெரும்பாலும் ஈயம் கலக்காத கலவை. அது உருக 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். எல்லாக் குண்டும் ஒரே நேரத்தில் உருகி, ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். இதற்கென்று தனி இயந்திரம் வைத்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள், கெட்டுப்போன போர்டுகளை அப்படிப் பிழைக்கவைக்கவும் செய்கிறார்கள். ஆனால் வாரண்டியில் இருக்கும் நல்ல போர்டை அந்தச் சூட்டுக்குக் கொடுத்தால், கம்பெனி அதன் பிறகு அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காது. அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

சூட்டைத் தாண்டினாலும் பயாஸ் இருக்கிறது. மதர்போர்டை எழுப்பும் அந்தச் சின்ன மென்பொருளுக்கு எந்தெந்தப் பிராசசர் தெரியுமோ அவைதான் ஓடும். தெரியாததைப் போட்டால் விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். அதையும் தாண்டினால் வெப்பம். 15 வாட் பிராசசருக்கு என்று செய்த மெல்லிய செப்புக் குழாயும் ஒற்றை விசிறியும் 45 வாட் பிராசசரின் சூட்டை வெளியே தள்ளாது. சூடு ஏறியதும் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசும் போய், வேகமும் வராது.

அப்படியானால் முறையான வழியே இல்லையா? ஒன்று இருக்கிறது, பிராசசர் உள்ள மதர்போர்டையே மொத்தமாக மாற்றுவது. பெரும்பாலான கம்பெனிகளில் இது நடைமுறைக்கு ஒத்துவராது, கிட்டத்தட்ட புது லேப்டாப் வாங்கியதுபோல் ஆகிவிடும். இதற்காகவே லேப்டாப் செய்யும் கம்பெனி ஃப்ரேம்வொர்க். 2021-இல் இன்டெலின் 11-ஆம் தலைமுறையோடு வந்த அவர்களின் 13 அங்குல லேப்டாப்பில், 2022-இல் 12-ஆம் தலைமுறை போர்டையும், 2023-இல் ஏஎம்டி போர்டையும் பழைய உடம்புக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடிந்தது. திறப்பதற்கு ஸ்க்ரூடிரைவரையும் அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். மற்றபடி பிராசசர் என்பது வாங்கும் நாளில் ஒரே ஒரு முறை எடுக்கும் முடிவு. அங்கே கொஞ்சம் தாராளமாக இருந்துவிட்டு, ரேமில் சிக்கனம் பிடிப்பது நல்லது. ஆனால் ரேமைப் பின்னால் மாற்ற முடியும் என்று உறுதிசெய்த பிறகு.

உண்மையில் எது மெதுவாக்குகிறது?

தெரிந்தவர் ஒருவர் பிராசசர் மாற்ற வேண்டும் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழக்கமாகச் செய்யும் வேலைகளைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வருவது. பிராசசர் 18 சதவீதம், ரேம் 94 சதவீதம். பிராசசர் சும்மா உட்கார்ந்திருந்தது. 8 ஜிபி ரேம் நிரம்பி வழிந்து, விண்டோஸ் மீதியை, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் அந்த இழுவை. ரேம் என்பது வேலை செய்யும் மேசை, எஸ்எஸ்டி என்பது பக்கத்து அறை அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசை நிறைந்துவிட்டால் ஒவ்வொரு காகிதத்துக்கும் எழுந்து போய் வர வேண்டும்.

நீங்களும் பணம் செலவழிக்கும் முன் ஒரு நாள் இந்தத் திரையைத் திறந்து வைத்துவிட்டு வேலை பாருங்கள். ரேம் 85, 90 என்று நிற்கிறதா, கூட்டுவதில் பயன் இருக்கிறது. பாதியைத் தாண்டவில்லை என்றால் 32 ஜிபி போட்டாலும் ஒன்றும் மாறாது. பிராசசர்தான் நூறைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்றால், தூசி அடைத்த விசிறியா, சார்ஜர் போடாமல் பேட்டரி சேமிப்பு முறையில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

அதே டாஸ்க் மேனேஜரில் 'மெமரி' என்ற பக்கத்தின் கீழே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு', 'ஃபார்ம் ஃபேக்டர்' என்று இரண்டு வரிகள் இருக்கும். ஸ்லாட் 2-இல் 1 பயன்பாட்டில், வடிவம் 'எஸ்ஓடிம்' (கழற்றி மாட்டும் லேப்டாப் ரேம்) என்று இருந்தால், ஒரு இடம் காலியாக இருக்க வாய்ப்பு அதிகம். வடிவம் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் ரேம் போர்டில் பற்றவைத்தது. இங்கே ஒரு பொறி உண்டு: பற்றவைத்த ரேமுக்கும் ஸ்லாட் எண்ணிக்கை காட்டும், சிலவற்றில் 8-இல் 8 என்றுகூட. எட்டு ஸ்லாட் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். உறுதியான பதில் கையேட்டில்தான் இருக்கும்.

பற்றவைத்த ரேம் இப்போது சாதாரணமாகிவிட்டது. ஆப்பிள் 2020-இல் எம்1 சிப்போடு ரேமைப் பிராசசரின் பொதிக்குள்ளேயே கொண்டுபோய்விட்டது. இன்டெலும் 2024-இல் 'லூனார் லேக்' பிராசசர்களில் அதையே செய்தது; அதில் அதிகபட்சம் 32 ஜிபி, வாங்கும்போது எடுத்ததுதான் கடைசிவரை. மாற்றமும் ஒரு பக்கம் வருகிறது. 'எல்பிகேம்2' என்ற, ஸ்க்ரூ போட்டு இறுக்கும் தட்டையான ரேம் 2024-இல் லெனோவோவின் திங்க்பேட் பி1-இல் வந்தது. பற்றவைக்கும் வகை ரேமின் மின்சிக்கனமும், கழற்றி மாட்டும் வசதியும் சேர்ந்த வடிவம் அது. பரவலாக வந்தால் நமக்கு நல்லது.

எந்த ரேம்?

லேப்டாப்புக்கு எஸ்ஓடிம் என்ற குட்டை வடிவம்தான் பொருந்தும். நீளம் சுமார் 7 செ.மீ. டெஸ்க்டாப் ரேம் 13 செ.மீ.க்கு மேல், உள்ளேயே போகாது. எஸ்ஓடிம்மிலும் தலைமுறை பார்க்க வேண்டும். டிடிஆர்3-க்கு 204 முனைகள், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. நடுவில் உள்ள வெட்டும் இடம் மாறி இருக்கும், அதனால் ஒன்றை மற்றொன்றின் ஸ்லாட்டில் செருக முடியாது. போகவில்லையே என்று அழுத்துகிறவர்கள்தான் ஸ்லாட்டை உடைப்பது. டிடிஆர்3-இல் மட்டும் ஒரு நுணுக்கம்: சாதாரணமானது 1.5 வோல்ட், 'எல்' சேர்ந்தது 1.35 வோல்ட், வெட்டு ஒன்றேதான். குறைந்த வோல்ட் மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் சாதாரணமானதைச் செருகலாம், ஆனால் எழுந்து வராது.

வேகத்தைப் பற்றி ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 2666 வேகத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கும் இடத்தில் 3200 வேக ரேமைச் சேர்த்தால் இரண்டும் 2666-இல் ஓடும், அவ்வளவுதான். அளவு ஒத்துப்போவது முக்கியம். இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே அளவு இருந்தால் பிராசசர் இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் தரவை எடுக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்புகளில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும், ஏனென்றால் திரையில் வரும் படத்துக்கான நினைவகமும் அதே ரேம்தான். 4 ஜிபி பற்றவைத்திருக்க, ஸ்லாட்டில் 8 ஜிபி போட்டால்? முதல் 8 இரட்டைப் பாதையிலும் மிச்ச 4 ஒற்றைப் பாதையிலும் ஓடும். மோசமில்லை.

அதிகபட்சம் எவ்வளவு என்பதற்குக் கம்பெனியின் விவரக்குறிப்பைப் பாருங்கள். அவர்கள் எழுதியிருப்பது பல சமயம் சோதித்துப் பார்த்த அளவு. பிராசசர் அதற்கு மேலும் தாங்கக்கூடும். ஆனால் வாரண்டி இருக்கும்வரை எழுதியிருப்பதைத் தாண்டாதீர்கள் என்பேன். பிரச்சினை வந்தால் 'நாங்கள் சொன்ன அளவுக்கு மேல் போட்டிருக்கிறீர்களே' என்ற ஒரு வரியில் பேச்சு முடிந்துவிடும். புது ரேமுக்கு அதைத் தயாரித்தவரின் வாரண்டி தனியாக உண்டு, பல கம்பெனிகள் ஆயுட்காலம் முழுக்கத் தருகின்றன. அந்தப் பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

கையால் செய்யும்போது

முழுவதுமாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்குங்கள். தூங்கவைப்பதும் அணைப்பதும் ஒன்றல்ல. மூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரியின் இணைப்பைப் பிரிப்பது. சில லேப்டாப்புகளில் பயாஸிலேயே உள் பேட்டரியைத் துண்டிக்கும் வசதி இருக்கும். கம்பளத்தின் மேல் உட்கார்ந்து செய்யாதீர்கள். ரேமைத் தொடும் முன் மண்ணோடு இணைப்புள்ள ஏதாவது உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் ஏறியிருக்கும் மின்னேற்றம் இறங்கிவிடும்.

ஸ்க்ரூக்களின் நீளம் ஒன்றுபோல் இருக்காது. ஒரு காகிதத்தில் மூடியை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஸ்க்ரூவைக் குத்தி வைப்பது என் வழக்கம். முதல் லேப்டாப்பில் இதைச் செய்யாமல் நீளமான ஒன்றைக் குட்டை இடத்தில் போட்டு முறுக்கினேன். கைவைக்கும் பகுதியில் இன்றும் ஒரு சின்னப் புடைப்பு இருக்கிறது. சரியான முனையுள்ள ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் தொடங்கவும் வேண்டாம். தலை தேய்ந்த ஸ்க்ரூதான் சர்வீஸ் ஆளின் கண்ணில் முதலில் படும்.

பழைய ரேமின் இரு பக்கமும் உள்ள உலோகக் கொக்கிகளை ஒரே நேரத்தில் வெளிப்பக்கம் விலக்குங்கள். ரேம் தானாகவே மேலே எழும்பிச் சாய்வாக நிற்கும். அதே சாய்வில், சுமார் 30 டிகிரி, இழுத்தெடுங்கள். புதியதையும் அப்படியே சாய்த்து, தங்க நிற முனைகள் கிட்டத்தட்ட முழுக்க மறையும்வரை தள்ளிவிட்டு, அப்புறம்தான் கீழே அழுத்த வேண்டும். இரண்டு பக்கமும் 'டிக்' என்ற சத்தம் வரும். தங்க நிறம் ஒரு பக்கம் அதிகமாகத் தெரிந்தால் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். வெளியே எடுத்துவிட்டு மறுபடி.

பவர் பட்டனை அழுத்தியதும் திரை கறுப்பாகவே இருந்தால் பதறாதீர்கள். புது ரேமோடு மதர்போர்டு பழகிக்கொள்ள நேரம் எடுக்கும், குறிப்பாக டிடிஆர்5-இல். முதல் முறை ஒன்றிரண்டு நிமிடம், சில சமயம் அதற்கும் மேல். பாதியில் அணைத்து அணைத்துப் போட்டால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் ஆகியும் ஒன்றும் இல்லை என்றால் ரேமைக் கழற்றி மாட்டுங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் பழையதைப் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் வந்துவிட்டதா, அன்று இரவே மெம்டெஸ்ட்86 மாதிரியான ரேம் சோதனையை ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கையில் எடுக்கவே நடுக்கமாக இருக்கிறதா? அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கொடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கூலி கொஞ்சம் ஆகும். ஆனால் மாட்டும்போது உடைந்தால் அது அவர்கள் தலைவலி.

பிறகு எப்போதாவது சர்வீஸுக்கு அனுப்ப நேர்ந்தால், நீங்கள் போட்ட ரேமை எடுத்துவிட்டு லேப்டாப்போடு வந்ததை மாட்டி அனுப்புங்கள். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. வெளிப் பாகங்களை எடுத்துவிட்டு அனுப்பும்படி கம்பெனிகளே கேட்கின்றன. பழுதுக்குக் காரணம் உங்கள் ரேமா, அவர்கள் போர்டா என்பதும் வீட்டிலேயே தெரிந்துவிடும்: பழையதை மாட்டியும் அதே தொல்லை என்றால் ரேம் மேல் பழி இல்லை. அதனால் பழைய ரேமை விற்றுவிடாதீர்கள். புது ரேம் வந்த பிளாஸ்டிக் உறையிலேயே போட்டு, மேலே லேப்டாப்பின் சீரியல் நம்பரை எழுதி, வாரண்டி முடியும் தேதிவரை மேசை இழுப்பில் கிடக்கட்டும்.

எடுக்க முடியாமல் புது ரேமோடுதான் கொடுக்க வேண்டியிருந்தால், சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் ஷீட்டில் 'ரேம் 16 ஜிபி, இரண்டு எண்ணம்' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால், போர்டை மாற்றிக் கொடுக்கும்போது லேப்டாப்பின் முதல் நாள் விவரப்படி 8 ஜிபியோடு அது திரும்பி வரலாம். கவுண்டரை விட்டு நகரும் முன் ஒரு தடவை ஆன் செய்து பாருங்கள்.